பாயிண்ட் 32: சட்டைப்பைக்குள் அடங்கிய ஒரு வரலாறு

பிரயாக்ராஜ் நகரிலுள்ள அலகாபாத் அருங்காட்சியகத்தில் ஒரு கைத்துப்பாக்கி காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1903இல் அறிமுகப்படுத்திய மாதிரி. துளையளவு .32 அங்குலம். எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும். நீளம் ஏறத்தாழ ஏழு அங்குலம்; எடை 700 கிராமுக்கும் சற்றுக் குறைவு. 1931 பிப்ரவரி 27 அன்று அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் காவல் துறையின் சுற்றிவளைப்புக்குள் நின்று போரிட்டு மடிந்த சந்திரசேகர ஆசாத்தின் கையிலிருந்தது அதுவே. பின்னர் அது ஒரு வெள்ளை அதிகாரியுடன் இங்கிலாந்து சென்று, நாடு விடுதலை பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்து, 1970களில் திரும்பி வந்தது.

அந்தக் கோல்ட் போர்க்களத்துக்கென உருவான ஆயுதமன்று. தயாரிப்பாளர் அதற்கு இட்ட பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும்: ‘பாக்கெட் ஹாமர்லெஸ்’. சுத்தியல் இல்லாதது என்று பெயர் சொன்னாலும் உண்மையில் சுத்தியல் உண்டு, மேலுறைக்குள் மறைந்திருக்கிறது. சட்டைப்பையிலிருந்து உருவும்போது துணியில் சிக்கிக்கொள்ளாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நகரத்து அமெரிக்கக் கனவான், இரவில் கடையடைத்துவிட்டு வீடு திரும்பும் வணிகர் ஆகியோரை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்ட பொருள், இந்தியாவில் வேட்டி கட்டிய தலைமறைவுப் புரட்சியாளர் ஒருவரின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

அன்றாடம் உடலில் மறைத்துச் செல்ல உகந்த சிறு துப்பாக்கி எது என்பது இன்றைய அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் கேள்வி. எடை, பருமன், தோட்டாக்களின் எண்ணிக்கை, பிடியின் அளவு என ஒப்பிட்டு, விலைக்கு ஏற்ப வாங்கிச் செல்வர். இந்தியாவில் அக்கேள்விக்குத் துப்பாக்கியை ஏந்தியவர் விடை சொன்ன தருணங்கள் மிகக் குறைவு. சட்டம் ஒரு விடையைத் தந்தது. துறைமுகத்துச் சுங்கச்சாவடி ஒன்றைத் தந்தது. கடத்தல் வழி மற்றொன்றைத் தந்தது. நூறாண்டுக்கும் மேலாக இந்த விடைகள் பெரும்பாலும் ஒரே எண்ணைச் சுற்றி வந்திருக்கின்றன. அந்த எண் .32.

கதை 1878இல் தொடங்குகிறது. வைசிராய் லிட்டன் பிரபு காலத்தில் நிறைவேறிய இந்தியப் படைக்கலச் சட்டம், உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அதன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றனர். தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு வெப்லி ரிவால்வர் ஓர் அன்றாட உடைமை. இந்திய வழக்கறிஞருக்கோ மாவட்ட ஆட்சியரின் தயவு. காங்கிரசின் மூன்றாவது மாநாடு 1887இல் சென்னையில் கூடியபோதே இச்சட்டத்தைத் தளர்த்தக் கோரும் தீர்மானம் வந்தது. மிதவாதிகள் நிறைந்திருந்த அவையிலும் அது வந்தது என்பதே அவமானத்தின் ஆழத்துக்குச் சான்று. துப்பாக்கி வேண்டும் என்பதைக் காட்டிலும், நம்பத் தகாதவர் என்று முத்திரை குத்தப்பட்டது அவர்களை உறுத்தியது. விலக்குப் பட்டியலிலிருந்த இனப் பாகுபாடு 1920ஆம் ஆண்டு விதிகளில்தான் நீங்கியது.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமமற்ற ஆயுதத்துக்கு மூன்றாண்டுச் சிறை வரை விதித்தது. அடுத்த பிரிவுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. அதே செயலை அரசு ஊழியருக்குத் தெரியக்கூடாது என்னும் எண்ணம் புலப்படும் வகையில் செய்தால் தண்டனை ஏழாண்டு வரை உயரும். சோதனையின்போது ஆயுதத்தை ஒளித்தாலும், ஒளிக்க முயன்றாலும் அவ்வாறே. மறைத்தல் என்பதற்கு மட்டும் கூடுதலாக நான்காண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வங்காளத்து இளைஞர்கள் பலர் 19, 20 என்ற இவ்விரு எண்களைச் சேர்த்தே கேட்டபடி சிறை புகுந்தனர்.

இச்சட்டம் இயற்றப்பட்டபோது மறைத்துச் செல்வது எளிதாகவும் இருக்கவில்லை. அன்றைய கைத்துப்பாக்கி என்பது ரிவால்வர். தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை நடுவே புடைத்து நிற்கும். மெல்லிய பருத்தித் துணிக்குள் அதை ஒளிப்பது கடினம். ‘புல்டாக்’ என்ற பெயரில் குறுங்குழல் ரிவால்வர்கள் வந்தன என்றாலும் பருமன் குறையவில்லை. இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங். பெல்ஜியத்தில் லியேஜ் நகரையடுத்த ஹெர்ஸ்டாலில் இயங்கிய ஃபாப்ரிக் நாசியோனால் நிறுவனம் அவரது வடிவமைப்பை வாங்கி, 1900ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்டது. தட்டையான உடல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் இல்லை, தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கென பிரௌனிங் உருவாக்கிய தோட்டா 7.65 மில்லிமீட்டர். அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் அதனையே .32 என்று அழைத்தது. பெல்ஜியத் துப்பாக்கி பல லட்சக்கணக்கில் விற்றது. பிரெஞ்சு மொழியில் ‘பிரௌனிங்’ என்றாலே கைத்துப்பாக்கி என்று பொருள்படும் அளவுக்குப் பரவியது.

இந்தத் தட்டையான இரும்பு இந்தியாவுக்குள் வந்த வழி லண்டன் வழி. 1909 ஜூலை 1 அன்று லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற மதன்லால் திங்ரா, தம் கோல்ட் பிஸ்டலை ஹோல்பர்னிலிருந்த கேமேஜ் என்னும் பல்பொருள் அங்காடியில் விலைகொடுத்து வாங்கியவர். அஞ்சலகத்தில் பத்து ஷில்லிங் செலுத்திப் பெறும் உரிமச் சீட்டு அங்கே போதுமானதாக இருந்தது. டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் கட்டணப் பயிற்சிக் கூடமும் இருந்தது. பேரரசின் தலைநகரில் கல்லூரி மாணவனுக்குக் கடைச்சரக்காகக் கிடைத்த பொருள், அதே பேரரசின் பஞ்சாபில் அவன் மடியிலிருந்தால் ஏழாண்டுச் சிறை. அன்றிரவு வைலியைக் காக்க முன்வந்த பார்சி மருத்துவர் காவஸ் லால்காகாவும் குண்டுபட்டு இறந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திங்ராவைப் போற்றும் நூல்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அதே ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் இந்தியா ஹவுஸ் விடுதியின் சமையற்காரர் சதுர்புஜ் அமீன் பம்பாய்க்குக் கப்பலேறினார். அவருடைய பெட்டியின் பொய்யடித் தட்டுக்குள் இருபது பிரௌனிங் பிஸ்டல்களும் தோட்டாக்களும் இருந்தன, அனுப்பியவர் வி. தா. சாவர்க்கர். ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருபது துப்பாக்கி அடங்கியது பிரௌனிங்கின் தட்டையான வடிவத்தால்தான். இருபது ரிவால்வர்களுக்கு அப்பெட்டி போதியிருக்காது. அவற்றுள் ஒன்று 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் விஜயானந்த் நாடக அரங்கில் வெடித்தது. மராத்தியில் ‘சாரதா’ நாடகம் நடைபெறவிருந்த மாலை. இடமாறுதலாகிச் செல்லும் ஆட்சியர் ஏ. எம். டி. ஜாக்சனுக்கு அது பிரிவுபசார நிகழ்ச்சி. பதினெட்டு வயதை ஒட்டிய அனந்த் கான்ஹேரே அவரைச் சுட்டுக் கொன்றார். ஜாக்சன் சமற்கிருதம் கற்றவர். ‘பண்டித ஜாக்சன்’ என்று உள்ளூரில் அழைக்கப்பட்டவர். சாவர்க்கரை அந்தமானுக்கு அனுப்பிய தண்டனைகளுக்கு இந்த இருபது பிஸ்டல்களே மூலச் சான்றாயின.

பிரௌனிங் தமிழ் நிலத்துக்கும் வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில், மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்ட திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை, முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார் வாஞ்சிநாதன். பின் நடைமேடைக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டார். அவரிடம் கைப்பற்றப்பட்ட பிஸ்டலில் ஹெர்ஸ்டால் தொழிற்சாலையின் பெயரும் பிரௌனிங்கின் காப்புரிமைக் குறிப்பும் பொறிக்கப்பட்டிருந்தன. அவருக்குச் சுடும் பயிற்சி கிடைத்தது புதுச்சேரியில், வ. வே. சு. ஐயரிடம். பிரிட்டிஷ் படைக்கலச் சட்டம் செல்லாத பிரெஞ்சு மண் அது.

கங்கைக்கரையில் சந்தன்நகரும் அவ்வாறே பயன்பட்டது. கல்கத்தாவிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத் தொலைவிலிருந்த அச்சிற்றூருக்குப் பிரான்சின் சாந்த் எத்தியேன் நகரத்து ரிவால்வர்கள் அஞ்சலிலேயே வந்து இறங்கின. அங்கிருந்த பிரெஞ்சு மேயர் தார்திவேல் ஆயுத இறக்குமதியைக் கட்டுப்படுத்த முனைந்ததும் 1908 ஏப்ரலில் அவர் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அலிப்பூர் சிறைக்குள்ளேயே, அப்ரூவராக மாறிய நரேன் கோஸ்வாமியைக் கனாயிலால் தத்தாவும் சத்யேந்திரநாத் போசும் சுட்டுக் கொன்றனர். சிறைக்குள் இரண்டு ரிவால்வர்கள் எப்படி நுழைந்தன என்பதற்கு வங்காளத்தில் பல கதைகள் உலவுகின்றன. கதைகளின் எண்ணிக்கையே மறைத்தல் ஒரு நாட்டார் கலையாக மாறியிருந்ததைக் காட்டும்.

இந்நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். நாடக அரங்கு, ரயில் பெட்டி, சிறை மருத்துவமனை, விருந்து மண்டபம். எல்லாம் நெருங்கி நிற்கும் இடங்கள். சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கிக்குக் குழல் குறுகியது, தோட்டா வலுக்குறைந்தது. பத்தடிக்கு அப்பால் குறி தவறும் வாய்ப்பு மிகுதி. பயிற்சிக்குத் தோட்டாக்களும் இல்லை. கிடைத்த சிலவற்றைச் சுட்டுப் பார்த்து வீணாக்க எவரும் துணியார். ஆகவே மறைத்து எடுத்துச் சென்றவர் எதிரியின் மூச்சுக்காற்று படும் அணுக்கத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு அருகே சென்றவர் தப்பித் திரும்புவது அரிது. தற்கொடை மனப்பான்மை என்று வரலாற்று நூல்கள் எழுதுவதில் ஒரு பகுதியேனும் 7.65 மில்லிமீட்டர் தோட்டாவின் இயல்பிலிருந்து பிறந்தது.

இதற்கு நேர்மாறான சோதனையும் நடந்தது. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவின் ஆயுத வணிக நிறுவனமான ராடாவுக்குக் கப்பலில் வந்த 202 பெட்டிகளைச் சுங்கக் கிடங்கிலிருந்து எடுத்துவர எழுத்தர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா அனுப்பப்பட்டார். அவர் ஏற்பாடு செய்த மாட்டு வண்டிகளுள் ஒன்றை ஓட்டியவர் வண்டிக்காரர் வேடமிட்ட ஹரிதாஸ் தத்தா. கடைக்கு 192 பெட்டிகளே போய்ச் சேர்ந்தன. மாயமான பத்துப் பெட்டிகளில் 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவற்றுள் 44 துப்பாக்கிகள் ஒன்பது புரட்சிக் குழுக்களுக்கு உடனடியாகப் பங்கிடப்பட்டன என்றும், பின்னர் 54 கொள்ளை, கொலை நிகழ்ச்சிகளில் அவை பயன்பட்டன என்றும் 1918இல் வெளியான ரௌலட் குழுவின் அறிக்கை கணக்கிட்டது.

மௌசர் வேறு இனம். ஓரடி நீளம், ஒரு கிலோவுக்கும் மேலான எடை. அதன் மரப்பெட்டியையே பின்கட்டையாக மாட்டினால் சிறு துமுக்கிபோல் தோளில் வைத்துச் சுடலாம். 1915 செப்டம்பர் 9 அன்று ஒடிசாவின் பாலேசுவரம் அருகே பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் மௌசர்களை வைத்துக்கொண்டே ஆயுதம் தாங்கிய காவல் படையுடன் நேருக்கு நேர் பொருதினர். ஆனால் கல்கத்தா வீதியில் அதை மடியில் வைத்துக்கொண்டு நடப்பது எளிதன்று; தேடுதல் வேட்டைகளில் 50இல் 31 துப்பாக்கிகளை அரசு மீட்டுவிட்டது. கடைக்குச் சென்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்திருந்தால் அனுசீலன் சமிதியினர் மௌசரை எடுத்திருப்பார்களா, பிரௌனிங்கை எடுத்திருப்பார்களா என்று விவாதிப்பது வீண். கப்பலில் வந்தது மௌசர், கிடைத்தது மௌசர்.

அதன் பின்னர்க் கிதர்பூர் துறைமுகத்து மாலுமிகளிடம் ஒன்றிரண்டாக வாங்குவதே வழக்கமாயிற்று. எந்த நாட்டுக் கப்பல் நிற்கிறதோ அந்த நாட்டுத் துப்பாக்கி. ஆனால் உலகச் சந்தையில் மலிந்துகிடந்த சிறு பிஸ்டல்களில் பெரும்பாலானவை பிரௌனிங்கின் தோட்டாவையே ஏற்றதால் .32 மேலெழுந்தது. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸைச் சுடப் பகத் சிங் பயன்படுத்தியதும் ஒரு .32 கோல்ட்தான். வரிசை எண் 168896. வழக்குச் சான்றாக இருந்த அது லாகூரிலிருந்து பில்லௌர் காவல் பயிற்சிப் பள்ளிக்கும், அங்கிருந்து இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்கும் போய், எண் தெரியாதபடி வண்ணம் பூசப்பட்டு, பிற துப்பாக்கிகளோடு பல்லாண்டுகள் கிடந்தது. 2016ஆம் ஆண்டு வாக்கில் பூச்சைச் சுரண்டி எண்ணைப் பழைய ஆவணத்தோடு ஒப்பிட்ட பின்னரே அது இன்னதென்று தெரிந்தது. மறைக்கப்படுவதற்கென்றே பிறந்த பொருள், அரசின் கையிலும் மறைந்தே கிடந்திருக்கிறது.

உடைக்கும் இவ்வரலாற்றில் பெரும்பங்கு உண்டு. 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்த வினய், பாதல், தினேஷ் மூவரும் ஐரோப்பிய உடை அணிந்திருந்தனர். கோட்டுப்பை துப்பாக்கியை மறைத்தது. கோட்டு அவர்களின் நிறத்தின் மீதிருந்த ஐயத்தை மறைத்தது. மறு ஆண்டு டிசம்பர் 14 அன்று குமில்லா மாவட்ட ஆட்சியர் ஸ்டீவன்ஸின் வீட்டுக்கு நீச்சல் போட்டி தொடர்பான விண்ணப்பத்துடன் வந்தனர் இரு பள்ளிச் சிறுமியர். சாந்தி கோஷுக்கு வயது 15. சுனிதி சௌதுரிக்கு 14. குளிருக்குப் போர்த்திய துணிக்குள்ளிருந்து வெளிப்பட்ட துப்பாக்கிகள் ஆட்சியரின் உயிரைக் குடித்தன. 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், பட்டம் பெற வந்த வீணா தாஸ், பட்டதாரி அங்கிக்குள்ளிருந்து ரிவால்வரை எடுத்து ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை ஐந்து முறை சுட்டார். ஒன்றும் படவில்லை. ஆளுநர் ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் தலைவர். குனிந்து தப்புவது அவருக்குக் கைவந்திருந்தது போலும். வீணா தாஸுக்கு ஒன்பதாண்டுச் சிறை.

பெண்களைச் சோதனையிடக் காவலர் தயங்கினர் என்பதே இயக்கம் அவர்களிடம் ஆயுதங்களை ஒப்படைத்ததற்கான முதற்காரணம். கொண்டு செல்பவர்களாகத் தொடங்கியவர்கள் சுடுபவர்களாக மாறினார்கள். இம்மாற்றத்தை இயக்கத் தலைமை முழு மனத்துடன் ஏற்கவில்லை என்பது அப்பெண்கள் பின்னாளில் எழுதிய நினைவுகளில் வரிகளுக்கிடையே தெரிகிறது.

சிறு பிஸ்டல் விடுதலைப் போராட்டத்தின் புனிதப் பொருளாகவே நின்றுவிடவும் இல்லை. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நாதுராம் கோட்சேயின் சட்டைப்பையிலிருந்து வெளிவந்ததும் அதே குடும்பத்தது: இத்தாலியின் பெரெட்டா, 1934 மாதிரி, ஏழு தோட்டாக்கள் கொள்வது. தோட்டா, பிரௌனிங் உருவாக்கிய இன்னொரு சிறு வகையான 9 மில்லிமீட்டர் குறுந்தோட்டா. பத்து நாள் முன்பு நடந்த முதல் முயற்சியில் சதிகாரர்களிடமிருந்த கைத்துப்பாக்கிகள் நம்பத்தக்கவையாக இல்லை. நல்லதொன்றைத் தேடி குவாலியர் வரை அலைந்து, கொலைக்கு இரண்டு நாள் முன்பே அந்தப் பெரெட்டா கைக்கு வந்தது. தேடியலைந்து ஒரு துப்பாக்கியை உறுதி செய்துகொண்ட அரிய தருணங்களுள் ஒன்று இது என்பது கசப்பான செய்தி.

விடுதலை பெற்ற இந்தியாவின் படைக்கலச் சட்டம் 1959இல் வந்தது, விதிகள் 1962இல். இனப் பாகுபாடு போயிற்று; உரிமம் என்னும் தயவு போகவில்லை. ஆயுதங்கள் தடைசெய்யப்பட்ட துளையளவு, தடையற்ற துளையளவு என இரண்டாகப் பிரிந்தன. படையும் காவல் துறையும் பயன்படுத்தும் .380, .455, 9 மில்லிமீட்டர் தோட்டாக்களை ஏற்கும் கைத்துப்பாக்கி எதுவும் பொதுமக்களுக்கு இல்லை. காரணம் எளியது. அரசின் தோட்டா திருடுபோனால் அது தனியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது. ஆங்கிலேயர் 1907 வாக்கிலேயே .450 துளைத் துமுக்கிகளைப் பொதுமக்களிடம் தடைசெய்த அதே தருக்கம்தான் இது. அந்தச் சல்லடையில் கழிந்தவை போக எஞ்சி நின்ற கைத்துப்பாக்கி அளவுகளுள் முதன்மையானது .32. நாசிக் வழக்கும் லாகூர் வழக்கும் எந்த இனத் தோட்டாவைச் சான்றுப் பொருளாகக் கண்டனவோ, அதுவே விடுதலை இந்தியாவின் நம்பிக்கைக்குரிய குடிமகனுக்கு உரியதாயிற்று. இதில் எவருடைய திட்டமும் இல்லை. படைகள் வலுவில்லாதது என்று ஒதுக்கியதால்தான் அது மக்களுக்கு வாய்த்தது.

1980களின் நடுப்பகுதியில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. அதற்குப் பின் நாட்டிலிருந்த பழைய வால்தர், கோல்ட், வெப்லி ஆகியவற்றின் விலை பல மடங்கு ஏறிப் பல லட்சங்களைத் தொட்டது. ஐரோப்பாவில் பழைய இரும்புக் கடையின் விலைக்குப் போகும் .32 வால்தர், இந்தியாவில் மனை வாங்கும் விலைக்குக் கைமாறியது. சுங்கத் துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களும் உயர் அலுவலர்களும் ஒதுக்கீட்டில் பெறும் வழக்கமும் இருந்தது. 1878இன் விலக்குப் பட்டியல் நிறத்தை நோக்கியது; இது பதவியை நோக்கியது.

எஞ்சியவர்களுக்கு அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் இருந்தன. கான்பூரில் .32 ரிவால்வர், பின்னர் ‘அஷானி’ என்னும்.32 பிஸ்டல். பெயர் ஒன்றாயினும் இரண்டின் தோட்டாவும் வேறு: ரிவால்வருக்கு விளிம்புடைய நீள் தோட்டா, பிஸ்டலுக்குப் பிரௌனிங்கின் பழைய 7.65. வடநாட்டில், குறிப்பாக உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும், உரிமம் கோருவோர் வரிசை நீண்டது. இடுப்புத் துப்பாக்கி அங்கே தற்காப்பைவிடத் தகுதிக்கு அடையாளம். திருமணப் பந்தலில் வானை நோக்கிச் சுடும் வழக்கத்தால் மணமகனும் விருந்தினரும் மடிந்த செய்திகள் ஆண்டுதோறும் வந்தபடி இருந்தன. அந்தக் கொண்டாட்டச் சூட்டையே தனிக் குற்றமாக்கிய 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகவும் குறைத்தது.

2014 ஜனவரியில் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்றொரு ரிவால்வரை வெளியிட்டது. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் கொடுமைக்குள்ளாகி இறந்த இளம்பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய பெயரின் எதிரொலி அது. டைட்டேனியக் கலவை உலோகம், 500 கிராம் எடை, .32 தோட்டா. பெண்களின் கைப்பையில் அடங்குவது என்று விளம்பரம் வந்தது. விலை 1,22,360 ரூபாய். இரவுப் பேருந்தில் வேலை முடிந்து திரும்பும் பெண் எவரும் அந்த விலையைத் தரவியலாது. தரக்கூடியவர் அந்தப் பேருந்தில் ஏறுவதில்லை. விலை ஒருபுறமிருக்க, உரிமத்துக்கு ஆட்சியர் அலுவலகமும் காவல் நிலையமும் மாதக்கணக்கில் நடத்தும் விசாரணை உண்டு. சாந்தியும் சுனிதியும் போர்வைக்குள் கொண்டு சென்றதற்கும் இதற்கும் இடையே எண்பதாண்டுகள் கழிந்திருந்தன. அன்று பெண்ணின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது ஓர் இயக்கம். இன்று அரசே கொடுக்க முன்வந்தது, வீதியைப் பாதுகாப்பாக்கும் பொறுப்பையும் சேர்த்து அவள் கையில் வைத்தபடி.

சில ஆண்டுகளுக்குப் பின் ‘வெப்லி’ என்னும் பெயரும் திரும்பிற்று. துரைமார்களின் இடுப்பில் தொங்கிய அந்தப் பழைய பிரிட்டிஷ் நிறுவனம், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் இந்தியக் கூட்டாளியுடன் ஆலை அமைத்து ரிவால்வர் செய்யத் தொடங்கியது. துளையளவு .32.

இடையில் 2016இல் புதிய படைக்கல விதிகள் வந்தன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு செல்வோர் அதனை உடலோடு பொருத்திய உறையிலோ அதுபோன்ற பையிலோ வைத்திருக்க வேண்டும் என்கின்றன அவை. கூடவே, அது முற்றிலும் மூடப்பட்டிருக்க வேண்டும். வெளியே தெரியும்படி ஏந்தினால் விதிமீறல். மறைத்ததற்காக நான்காண்டுச் சிறையைக் கூட்டிய சட்டத்தின் வழித்தோன்றல், இப்போது மறைத்தே தீர வேண்டும் என்கிறது. சந்தைக்கும், சமய ஊர்வலத்துக்கும், பொதுக்கூட்டத்துக்கும் துப்பாக்கியோடு போகலாகாது என்னும் ஆங்கிலேயர் காலத்து நிபந்தனை மட்டும் உரிமப் படிவத்தில் ஏறக்குறைய அதே சொற்களில் நீடிக்கிறது.